ஆங்கிலத்தில் பேசிப் பழக: அன்றாடத் தலைப்பு ஒன்றை அரை மணி நேரம் கொண்டுசெல்வது எப்படி?

பேசிப் பழகலாம் என்று இருவர் உட்கார்ந்ததும் பெரும்பாலும் நடப்பது இதுதான். ஒருவர் "வாட் இஸ் யுவர் ஹாபி?" என்பார். மற்றவர் "ரீடிங் புக்ஸ்" என்பார். "ஓ, நைஸ்." பேச்சு முடிந்தது. அடுத்து, நூறு தலைப்புகள் கொண்ட பட்டியல் ஒன்றைத் தேடிப் பிடிப்பார்கள். ஒரு தலைப்புக்கு அரை நிமிடம் வீதம் அதுவும் ஒரே நாளில் தீர்ந்துபோகும்.

பட்டியலை இன்னும் நீட்டுவதால் பயனில்லை. ஒரு தலைப்புக்குள் இறங்கிப் போகப் படிகள் வேண்டும். அந்தப் படிகளை முன்கூட்டியே கேள்விகளாக எழுதி வைத்துக்கொண்டால், சாதாரணமான ஒரு தலைப்பே இரண்டு மூன்று அமர்வுகளுக்குத் தாங்கும்.

ஒரு முன்குறிப்பு. இங்கே ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருப்பது அடையாளத்துக்கு மட்டுமே. உச்சரிப்பை இதிலிருந்து கற்க முடியாது. விலையும் பரிசும் தமிழ் எழுத்தில் ஒரே "பிரைஸ்" ஆகிவிடும். ஆங்கிலத்தில் கடைசி ஒலி வேறு. சந்தேகம் வந்தால் ஒலிப்பதிவு உள்ள அகராதியில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

முதலில் தலைப்பு

கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, எடுக்கப்போகும் தலைப்பைப் பற்றித் தமிழில் 2 நிமிடம் பேசிப் பாருங்கள். தமிழிலேயே ஒரு நிமிடத்தில் சரக்கு தீர்ந்துவிட்டால் ஆங்கிலத்தில் அது நிச்சயம் வராது. "உலகமயமாக்கல்" என்று எழுதிக்கொண்டு திணறுபவர்களில் பலருக்குத் தடையாக நிற்பது மொழியன்று. சொல்வதற்கு விஷயம் இல்லாததுதான்.

அடுத்து, அளவைப் பாருங்கள். "மாசு" மிகப் பெரிய தலைப்பு. "நம் தெருவில் சேரும் குப்பை" சரியான அளவு. "கல்வி" பெரிது, "வீட்டுப்பாடம்" போதும். "தொழில்நுட்பம்" பெரிது, "சாப்பிடும்போது கைபேசி பார்ப்பது" போதும். போன வாரம் கண்ணால் பார்த்த, கையால் செய்த ஒன்றாக அது இருக்க வேண்டும். கூடவே, அதைப் பற்றி இரண்டு பேருக்கு இரண்டு கருத்து இருக்க வாய்ப்பு இருக்க வேண்டும். வேலைக்குப் போய்வருவது, தூக்கம், வீட்டு வேலையை யார் செய்வது, பக்கத்து வீட்டுச் சத்தம், இணையத்தில் பொருள் வாங்குவது, வரிசையில் நிற்பது, வீட்டிலிருந்தே வேலை செய்வது, வயதானவர்களைக் கவனித்துக்கொள்வது என்று இப்படிப் பத்துத் தலைப்பு இருந்தால் மூன்று மாதம் ஓடும்.

தொடக்க நிலையில் இருப்பவர் சமூகத் தலைப்பை எடுக்கலாமா என்று தயங்க வேண்டியதில்லை. ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட மொழித்திறன் சட்டகம் ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகளை வகுக்கிறது. ஏ2 நிலையில் பழகிய விஷயங்களைப் பற்றி எளிய தகவல் பரிமாற்றம். பி1 நிலையில் அனுபவத்தைச் சொல்வது, கருத்துக்குச் சுருக்கமாகக் காரணம் தருவது. பி2 நிலையில் ஒரு பிரச்சினையின் சாதக பாதகங்களை விளக்குவது. ஆக, தலைப்பு எல்லாருக்கும் ஒன்றாகவே இருக்கலாம். எந்தப் படி வரை இறங்குகிறோம் என்பதுதான் நிலைக்கு நிலை மாறும்.

ஐந்து படிகள்

வேலைக்குப் போய்வருவதை எடுத்துக்கொள்வோம்.

1. தகவல். "ஹவ் டூ யூ கெட் டு வொர்க்?" "ஹவ் லாங் டஸ் இட் டேக்?" இங்கே சாதாரண நிகழ்காலமே போதும்.

2. சம்பவம். "டெல் மி அபௌட் எ ஜர்னி தட் வென்ட் ராங்." இங்கே முழுக்க இறந்தகாலம். என்று, எங்கே, என்ன ஆனது, கடைசியில் எப்படிப் போய்ச் சேர்ந்தீர்கள் என்ற நான்கையும் சொன்னால் ஒரு நிமிடம் தானாக நிரம்பும்.

3. ஒப்பீடு. "ஹவ் டிட் பீப்பிள் டிராவல் வென் யுவர் பேரன்ட்ஸ் வேர் யங்?" "இஸ் இட் ஈஸியர் நௌ?" இங்கே "யூஸ்ட் டு", "மோர் தென்", "நாட் அஸ்... அஸ்" ஆகியவை வேலை செய்யும்.

4. கருத்து. "ஷுட் கார்ஸ் பி கெப்ட் அவுட் ஆஃப் சிட்டி சென்டர்ஸ்?" இங்கே "ஷுட்", "பிகாஸ்", "ஆல்தோ".

5. கற்பனை. "வாட் வுட் ஹாப்பன் இஃப் எவ்ரிவன் வொர்க்ட் ஃப்ரம் ஹோம்?" இங்கே "இஃப்" உடன் "வுட்".

முதல் இரண்டு படிகளில் பேச்சு "நான்" என்பதைச் சுற்றி வருகிறது. மூன்றாவது படியில் குடும்பமும் தலைமுறையும் உள்ளே வருகின்றன. கடைசி இரண்டும் சமூகம். ஒவ்வொரு படிக்கும் ஓர் இலக்கண அமைப்பு தானாக ஒட்டிக்கொள்வதால், தனியாக இலக்கணப் பயிற்சி செய்வதைவிட இது மனதில் நிற்கும். ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் பேச்சுப் பகுதியும் ஏறத்தாழ இதே பாதையில்தான் போகிறது. மொத்தம் 11 முதல் 14 நிமிடம். முதற்பகுதி வீடு, வேலை, விருப்பங்கள் பற்றி 4 முதல் 5 நிமிடம். பிறகு ஓர் அட்டையைக் கொடுத்து, 1 நிமிடம் யோசிக்கவிட்டு, 2 நிமிடம் வரை பேசச் சொல்வார்கள். மூன்றாம் பகுதியில் அந்த அட்டையோடு தொடர்புள்ள பொதுவான கேள்விகள் மீண்டும் 4 முதல் 5 நிமிடம். தேர்வு எழுதும் எண்ணம் இல்லாதவர்களுக்கும் இந்த வரிசை பொருந்தும்.

படிக்கு 2 கேள்வி, மொத்தம் 10. அதற்கு மேல் எழுத வேண்டாம். எழுதியதைப் பேசும் முன்பே திருத்திக்கொள்ளுங்கள், ஏனென்றால் நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் கேள்விதான். தமிழில் "நீ எங்கே போகிறாய்" என்பதில் சொற்களின் வரிசை மாறாமலே கேள்வி அமைந்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தில் "வேர் யூ ஆர் கோயிங்?", "வை யூ டிட் நாட் கம்?" என்று வந்துவிடும். ஆங்கிலத்தில் துணைவினை முன்னால் வர வேண்டும்: "வேர் ஆர் யூ கோயிங்?", "வை டிட்ன்ட் யூ கம்?" இதைக் கற்றுக்கொண்டவர்கள் அடுத்து விழும் பள்ளம் ஒன்று உண்டு. "டூ யூ நோ" என்று தொடங்கிவிட்டால் உள்ளே இருக்கும் கேள்வி பழைய வரிசைக்கே திரும்பிவிடும்: "டூ யூ நோ வேர் ஹி இஸ்?"

ஆம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்விகளைத் தவிர்க்கச் சொல்வார்கள். முழுக்கத் தவிர்க்க வேண்டியதில்லை. "டூ யூ" கேள்வி கூச்சப்படுபவரைப் பேச வைக்க நல்ல தொடக்கம். அதன் வாலில் ஒரு "வை" அல்லது "ஹவ் கம்" கட்டிவிட்டால் போதும்.

சொற்கள்: பத்துக்கு மேல் வேண்டாம்

தலைப்புக்கு 8 முதல் 10 சொற்கள். தனிச்சொல்லாக எழுதாமல், எதோடு சேர்ந்து வருமோ அதோடு சேர்த்தே எழுதுங்கள். "டிராஃபிக்" என்று எழுதினால் பேசும்போது வினை கிடைக்காது. "கெட் ஸ்டக் இன் டிராஃபிக்" என்று எழுதினால் அப்படியே எடுத்துச் சொல்லலாம். "மிஸ் தி பஸ்", "கெட் ஆஃப் அட் தி நெக்ஸ்ட் ஸ்டாப்", "டூரிங் ரஷ் ஹவர்", "டேக் டர்ன்ஸ்" எல்லாம் இந்த வகை.

முழு வாக்கியமாக எழுதாதீர்கள். எழுதினால் கண் தாளை விட்டு நகராது, அது வாசிப்பாகிவிடும். அரிய சொற்களையும் தேட வேண்டாம். ஆங்கிலம் கற்பித்தலில் ஈடுபட்ட மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2000 சொற்கள்தான் உள்ளன. அன்றாடப் பேச்சின் பெரும்பகுதி இப்படிப்பட்ட பொதுச் சொற்களால்தான் ஆனது. வேலைக்குப் போய்வருவதைக் குறிக்கும் "கம்யூட்" தெரிந்திருந்தால் நல்லது. "வெஹிகுலர் கன்ஜெஸ்ஷன்" செய்தித்தாள் பாஷை, நண்பரிடம் சொன்னால் சிரிப்பார்.

அமர்வு நடக்கும் விதம்

இருவருக்கு 30 நிமிடக் கணக்கு இது. முதல் 3 நிமிடம் அவரவர் கேள்விகளையும் சொற்களையும் பார்ப்பது. அடுத்த 12 நிமிடம் முதல் மூன்று படிகள். 6 நிமிடம் ஆனதும் கேட்பவரும் சொல்பவரும் இடம் மாறிக்கொள்வது. பிறகு 10 நிமிடம் கடைசி இரண்டு படிகள், இருவரும் கலந்து. மிச்சமுள்ள 5 நிமிடம் திருத்தத்துக்கு. குழுவாகப் பேசினால் நான்கு பேருக்கு மேல் ஒரே வட்டமாக உட்கார வேண்டாம். ஆறு பேர் 30 நிமிடம் பேசினால் ஒருவருக்கு 5 நிமிடம்தான் கிடைக்கும், அதையும் வாயாடி ஒருவர் எடுத்துக்கொள்வார். இரண்டு மூவர் குழுவாகப் பிரித்துவிடுங்கள்.

பேச்சு அறுந்துபோகாமல் இருக்க ஒரே ஒரு விதி: பதில், கூடுதலாக ஒரு விவரம், பிறகு திருப்பிக் கேட்கும் ஒரு கேள்வி. "ஐ டேக் தி பஸ்" என்பதோடு நிறுத்தினால் எதிரே இருப்பவர் மறுபடியும் தாளைப் பார்ப்பார். "ஐ டேக் தி பஸ். இட்ஸ் ஸ்லோ, பட் ஐ கெட் டு ஸ்லீப். வாட் அபௌட் யூ?" என்றால் அவருக்குப் பிடித்துக்கொள்ள இரண்டு நுனி கிடைக்கிறது. கேட்பவரும் பட்டியலில் உள்ள அடுத்த கேள்விக்குத் தாவாமல், இப்போது கேட்ட பதிலிலிருந்தே ஒரு கேள்வி எடுக்க வேண்டும்: "டூ யூ எவர் மிஸ் யுவர் ஸ்டாப்?" எழுதி வைத்த பத்துக் கேள்வியில் ஆறுதான் பயன்பட்டது என்றால் அமர்வு நன்றாகப் போயிருக்கிறது என்று பொருள்.

பதில் சொல்லத் தாமதமாவது கற்பவர்கள் எல்லாரையும் வாட்டும். பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வில், ஒருவர் கேள்வி கேட்டு முடிப்பதற்கும் மற்றவர் பதில் தொடங்குவதற்கும் இடைவெளி சராசரியாக 0.2 நொடி அளவில்தான் இருந்தது. ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே, தாய்மொழியிலும்கூட, அரை நொடிக்கு மேல் ஆகும். அதாவது, எதிரில் இருப்பவர் முடிக்கும் முன்பே நாம் பதிலைத் தயார் செய்துவிடுகிறோம். புதிய மொழியில் அந்தத் தயாரிப்பு மெதுவாக நடக்கும். இடையில் விழும் மௌனம் உண்மையில் இருப்பதைவிட நீளமாகத் தெரியும். அதை நிரப்ப மூன்று தொடர்கள் நாக்கு நுனியில் இருக்கட்டும்: "லெட் மி திங்க்", "இட் டிபெண்ட்ஸ்", "ஐ'வ் நெவர் தாட் அபௌட் தட்". ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "ஆக்சுவலி" போடுவது இதற்கு மாற்றாகாது, கேட்பவருக்குச் சலிப்புதான் வரும்.

புரியாவிட்டால் "ரிபீட்" என்று சொல்லாதீர்கள். அவர் அதே வேகத்தில் அதையே மறுபடி சொல்வார். புரிந்த வரையில் திருப்பிச் சொல்லிக் கேளுங்கள்: "சாரி, யூ மிஸ்ட் வாட்?" "டூ யூ மீன் எவ்ரி டே?" சொல் கிடைக்காவிட்டால் தமிழுக்குத் தாவ வேண்டாம், பொருளை வர்ணியுங்கள்: "தி திங் யூ யூஸ் டு ஓப்பன் பாட்டில்ஸ்". இந்தச் சுற்றுவழியே தனியாக ஒரு பயிற்சி.

தமிழ் வாய்க்கு வரும் தனிப் பிழைகள்

"ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்." குடும்பம் பற்றிய பேச்சு இந்த வாக்கியத்தோடுதான் தொடங்கும். "போகிறேன்" என்ற ஒரே தமிழ் வினை தினமும் போவதையும் இப்போது போவதையும் குறிக்கும். ஆங்கிலம் இரண்டையும் பிரிக்கிறது. உடைமை, அறிவு, விருப்பம், தேவை இவை செயல் இல்லை, நிலை: "ஐ ஹேவ்", "ஐ நோ", "ஐ வான்ட்". சாப்பிடுவது செயல் என்பதால் "ஐ'ம் ஹேவிங் லஞ்ச்" சரியே.

"ஐ யூஸ்ட் டு வேக் அப் அட் சிக்ஸ்" என்று இன்றைய பழக்கத்தைச் சொல்வது அடுத்தது. கேட்பவர் இப்போது நீங்கள் ஆறு மணிக்கு எழுவதில்லை என்று எடுத்துக்கொள்வார். இன்றைக்கும் தொடர்வது என்றால் "ஐ யூஷுவலி வேக் அப்". மூன்றாம் படியில் பழையதையும் புதியதையும் ஒப்பிடும்போது இந்த ஒரு பிழை முழுப் பேச்சையும் தலைகீழாக்கிவிடும்.

எதிர்மறைக் கேள்வி இன்னும் தந்திரமானது. "டோன்ட் யூ லைக் காஃபி?" என்று கேட்டால், பிடிக்காதவர் தமிழ்ப் பழக்கத்தில் "ஆமாம், பிடிக்காது" என்ற பொருளில் "யெஸ்" என்பார். ஆங்கிலத்தில் "யெஸ்" என்றால் பிடிக்கும் என்று ஆகிவிடும். கேள்வி எப்படி இருந்தாலும், பிடிக்காது என்றால் "நோ, ஐ டோன்ட்". "டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?" என்பதும் இதே வகை, உட்காரட்டும் என்று நினைத்தால் "நோ, நாட் அட் ஆல்". வாய் தவறி "யெஸ்" வந்தால் எழுந்து போகச் சொன்னதாகிவிடும்.

சமூகத் தலைப்புகளில் எண்ண முடியாத பெயர்ச்சொற்கள் நிறைய வரும். டிராஃபிக், பொல்யூஷன், ஹோம்வொர்க், ஹவுஸ்வொர்க், அட்வைஸ், இன்ஃபர்மேஷன் இவற்றோடு பன்மை "ஸ்" சேராது. பொதுவாகப் பேசும்போது "தி" தேவையில்லை: எல்லாக் குழந்தைகளையும் பற்றி என்றால் "சில்ட்ரன் நீட் ஸ்லீப்", உங்கள் வீட்டுக் குழந்தைகள் என்றால்தான் "தி சில்ட்ரன்". "பற்றி" என்ற தமிழ்ச் சொல்லின் நிழலில் வரும் "டிஸ்கஸ் அபௌட்" வேண்டாம். "டிஸ்கஸ் தி பிராப்ளம்" போதும்.

ஒலியில், இந்தத் தலைப்புக்கு "வாக்" "வொர்க்" இரண்டும் முக்கியம். நடப்பதா வேலையா என்று கேட்பவர் குழம்பினால் முதல் படியிலேயே சிக்கல்.

கருத்தும் மறுப்பும்

நான்காம் படியில் பலர் "ஐ திங்க் இட் இஸ் குட்" என்று சொல்லி நின்றுவிடுவார்கள். கருத்து, காரணம், ஓர் எடுத்துக்காட்டு, எதிர்த்தரப்பின் ஒரு வரி என்று நான்கு துண்டாகச் சொல்லிப் பாருங்கள். "எல்லாரும்", "எப்போதும்" என்று அடித்துச் சொன்னால் உடனே எதிர்ப்பு வரும். "மோஸ்ட் பீப்பிள்", "டெண்ட் டு", "இன் மை எக்ஸ்பீரியன்ஸ்" என்று தளர்த்தினால் பேச்சு தொடரும். மறுக்கும்போது "நோ, யூ ஆர் ராங்" வேண்டாம். "ஐ ஸீ யுவர் பாயின்ட், பட்..." அல்லது "ஐ'ம் நாட் ஸோ ஷ்யூர்" போதும். இருவருக்கும் ஒரே கருத்தாக இருந்தால் நாணயம் சுண்டித் தரப்பைப் பிரித்துக்கொள்ளுங்கள். நம்பாத தரப்புக்காக வாதாடும்போதுதான் சொற்களைத் தேட வேண்டிவரும்.

புதியவர்களிடம் சம்பளம், வயது, திருமணம், மதம், யாருக்கு வாக்களித்தீர்கள் என்பவற்றை முதல் பேச்சில் கேட்காதீர்கள். யாராவது கேட்டால் "ஐ'ட் ராதர் நாட் டாக் அபௌட் தட்" என்று சொல்லி வேறு கேள்வி போடலாம். நெருங்கிய நண்பர்களுக்குள் அரசியல் பேசலாம்தான், ஆனால் சூடு ஏறியதும் இருவரும் தமிழுக்கு மாறிவிடுவார்கள், பயிற்சி அங்கேயே போச்சு.

திருத்தமும் திரும்பச் சொல்வதும்

பேசும்போது குறுக்கே விழுந்து திருத்துவது பேச்சைக் கொன்றுவிடும். தாளில் குறித்துவைத்து, கடைசி 5 நிமிடத்தில் ஆளுக்கு மூன்று மட்டும் சொல்லுங்கள். இலக்கணம் ஒன்று, சொல் ஒன்று, உச்சரிப்பு ஒன்று. பொருளைக் குழப்பியதைத் தேர்ந்தெடுங்கள், வாய் தவறியதை விட்டுவிடுங்கள். பேசியவர் சரியான வடிவத்தைப் புதிய வாக்கியம் ஒன்றில் வைத்துச் சொன்ன பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். தலையாட்டிவிட்டுப் போனால் அடுத்த வாரம் அதே பிழை வரும்.

சரளத்துக்கு 4/3/2 என்ற முறை உண்டு. 1983இல் கீத் மாரிஸ் எழுதியது. பின்னர் மொழி கற்பித்தல் ஆய்வாளர் பால் நேஷன் வழியாகப் பரவலானது. இரண்டாம் படியின் சம்பவத்தை ஒருவரிடம் 4 நிமிடம் சொல்லுங்கள், அதையே வேறொருவரிடம் 3 நிமிடத்தில், மூன்றாமவரிடம் 2 நிமிடத்தில். விஷயம் மாறாததால் மூளைக்கு என்ன சொல்வது என்ற சுமை இறங்கி, எப்படிச் சொல்வது என்பதில் கவனம் நிற்கும். கவனிக்க வேண்டியது: இரண்டாம் முறை புதிய விவரம் சேர்க்காதீர்கள், சொற்களை விழுங்கியும் வேகம் கூட்டாதீர்கள். குறைய வேண்டியது இடையில் நிற்கும் நேரம். 4 நிமிடம் மலைப்பாக இருந்தால் 3, 2, 1 என்று வைத்துக்கொள்ளலாம்.

கூட ஆள் இல்லாவிட்டால் கைபேசியில் பதிவு செய்து இதையே செய்யலாம். முதல் பதிவைக் கேட்டு ஒரு நிமிடத்தை மட்டும் சொல்லுக்குச் சொல் எழுதுங்கள்; "சோ", "அண்ட் தென்" எத்தனை முறை வந்தது என்று தெரிந்துவிடும். பிறகு மறுபடி பதிவு செய்யுங்கள்.

ஐந்து படியும் ஒரே அமர்வில் அடங்காவிட்டால் ஒரு தலைப்புக்கு இரண்டு அமர்வு. முதல் நாள் 1 முதல் 3 வரையிலான படிகள், அடுத்த நாள் 3 முதல் 5. ஒரு வாரம் கழித்து 5 நிமிடம் அதையே தொட்டுப் பாருங்கள்.

தொடங்க ஒரு தாள்: பக்கத்து வீட்டுச் சத்தம்

"இஸ் யுவர் ஸ்ட்ரீட் குவைட்?" "வென் இஸ் இட் நாய்ஸியஸ்ட்?"

"ஹேவ் யூ எவர் கம்ப்ளெய்ன்ட் டு எ நெய்பர்?" "வாட் டிட் தே ஸே?"

"டிட் பீப்பிள் யூஸ் டு நோ தெயர் நெய்பர்ஸ் பெட்டர்?" "வாட் ஹேஸ் சேஞ்ட்?"

"ஷுட் லௌட் மியூசிக் பி பேன்ட் ஆஃப்டர் டென்?" "ஹூ ஷுட் டிசைட்?"

"வாட் வுட் யூ டூ இஃப் யுவர் நெய்பர் கம்ப்ளெய்ன்ட் அபௌட் யூ?"

சொற்கள்: டர்ன் இட் டவுன், கீப் மி அவேக், நாக் ஆன் தி டோர், மேக் எ ஃபஸ், புட் அப் வித், கெட் ஆன் வித், தின் வால்ஸ், ஃபேஸ் டு ஃபேஸ். கடைசிப் படியில் ஒரே கேள்விதான் இருக்கிறது. இரண்டாவதைப் பேச்சு முடியும் இடத்தில் நீங்களே கண்டுபிடித்து எழுதிக்கொள்ளுங்கள்.